பழைய ஸ்போர்ட்ஸ் கார்: இன்ஜின் சத்தத்தை விட்டுவிட்டு முதலில் பார்க்க வேண்டியவை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்பார்கள். இன்ஜின் கெட்டால் பிரித்து வேலை பார்த்துக்கொள்ளலாம். வண்டியை நிஜமாகவே முடக்கிப்போடுவது பெரும்பாலும் கைக்குள் அடங்கும் சாமான்தான்: ஒரு வாஷர், ஒரு எர்த் ஸ்ட்ராப், ஆயில் விட வேண்டிய இடத்தில் அடித்த கிரீஸ்.

கிரீஸ் என்றதும் ட்ரையம்ஃப் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர், ஜி.டி.6 கார்கள் இரண்டும்தான் ஞாபகத்துக்கு வரும். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பு லிங்கின் அடிப்பகுதியில் மரை இருக்கும். அது டிரன்னியன் என்கிற பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை பித்தளைக்குள் சுழலும். இதற்கு இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் நாளடைவில் காய்ந்து கட்டியாகி வழியை அடைத்துவிடும். பிறகு மேலே ஆயில் ஏறாது, தண்ணீர் மட்டும் இறங்கும். மரை துருப்பிடித்து, குழி விழுந்து, ஒருநாள் லிங்க் முறியும். சக்கரம் அப்படியே மடங்கிக்கொள்ளும்.

5,000 கி.மீ.க்கு ஒருமுறை, அதிகம் ஓடாத வண்டியென்றால் ஆண்டுக்கு ஒருமுறை, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிரன்னியனில் உள்ள பிளக்கைக் கழற்றி, ஆயில் கன்னால் மேல்விளிம்பில் கசியும்வரை அடியுங்கள். கசியவே இல்லையென்றால் உள்ளே கிரீஸ் அடைத்திருக்கிறது. கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். கழற்றிய லிங்கில் மரை தொடங்கும் மேல்பகுதியைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவுங்கள். குழி தட்டுப்பட்டால் தூக்கிப்போட்டுவிடலாம், யோசிக்கவே வேண்டாம். திரும்ப மாட்டும்போது முழுக்கத் திருகிவிட்டு, அதிகபட்சம் ஒரு சுற்று பின்னுக்கு எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங் கடைசிவரை திரும்பாமல் இடிக்கும். இடது, வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர். மாற்றி மாட்ட முடியாது.

அதே கம்பெனியின் இன்ஜினில் இன்னொரு வியாதி உண்டு. ஸ்பிட்ஃபயர் 1500, ஜி.டி.6, டி.ஆர்.6 இவற்றில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை பின் மெயின் பேரிங் பக்கம் இருக்கும் இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னுக்குத் தள்ளப்பட்டு வாஷர் தேய்கிறது. தேய்ந்து மெலிந்தால் நழுவி, இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழும். அதன்பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே உரசும். அந்த பிளாக்கைக் காப்பாற்றுவது பெரிய வேலை.

சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட, இன்னொருவர் முன்பக்க கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். டயல் கேஜில் புல்லியின் நகர்வு 0.2 மி.மீ. வாக்கில் காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். கேஜ் இல்லாமல் வெறும் கண்ணுக்கே புல்லி முன்னும் பின்னும் போய்வருவது தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். நல்லவேளையாக, வாஷர் மாற்ற இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றினால் போதும். ஆயில் காடி உள்ள முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது வாஷரும் சீக்கிரமே போய்விடும். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நியூட்ரலுக்கு வந்து காலை எடுங்கள்.

எலக்ட்ரிக்கல் கோளாறு என்றாலே எல்லாரும் இந்த வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் சாமான் செய்த லூகாஸ் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பாதிக்குமேல் எர்த் கோளாறுதான். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால்தான் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே எர்த் ஸ்ட்ராப் போட்டிருக்கிறார்கள். அது அறுந்துவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். சோக் கேபிள் வழியாகவே திரும்பப் போகும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சுடுகிறது, புகை வருகிறது என்றால் காரணம் இதுதான். மல்டிமீட்டரில் டி.சி. வோல்ட் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஸ்ட்ராப்பின் இரு முனைகளையும் பளபளக்கத் தேய்த்து இறுக்க வேண்டும். 1967 வரை வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதை மறக்க வேண்டாம். அவசரத்தில் பேட்டரியை மாற்றி மாட்டியவர்கள் ஏராளம்.

எம்.ஜி.பி.யில் துருவை சில் பகுதியில், அதாவது கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்தில் தேடுங்கள். வெளிச் சில், உட்சில், நடுவில் ஒரு தகடு என்று அது பல அடுக்கு. தனி சேஸிஸ் இல்லாத வண்டி என்பதால் பாடியின் பலமே அதில்தான் இருக்கிறது. வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்பார்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். வண்டி தரையில் நின்றபோது இருந்த கதவு இடைவெளி மாறினாலோ, கதவு இடித்தாலோ உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. சில்லை வெட்டும் முன் கதவுச் சட்டத்தின் குறுக்கே கம்பி வைத்து வெல்டிங் செய்யாவிட்டால் பாடி நடுவில் தொங்கிவிடும்.

ஃபைபர் பாடி, துருப்பிடிக்காது என்று லோட்டஸ் எலானை நம்பி வாங்குகிறார்கள். பாடிக்கு அடியில் இருப்பது இரும்பு சேஸிஸ்தானே! அதன் முன் குறுக்குச் சட்டத்தையே ஹெட்லைட்டைத் தூக்கும் வாக்குவம் டேங்க்காகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சட்டத்தில் துருவால் ஓட்டை விழுந்தால் வாக்குவம் நிற்காது. ஹெட்லைட் அரைக்கண் மூடினாற்போலத் தொங்கினால் முதலில் ஹோஸ்களைச் சோதியுங்கள். அவை நன்றாக இருந்தால் சந்தேகம் சேஸிஸ் மேல்தான்.

ஜாகுவார் ஈ-டைப்பில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தருகே இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. பிரேக் சூட்டில் டிஃபரன்ஷியல் ஆயில் சீல் வெந்து, ஆயில் டிஸ்க்கில் விழுகிறது. சரிசெய்ய பின்பக்க அசெம்ப்ளி முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். இறக்கியதும் சீல், டிஸ்க், பிரேக் ஹோஸ், யுனிவர்சல் ஜாயின்ட் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஏர்-கூல்டு போர்ஷே 911-இல் ஆயில் அளவை இன்ஜின் சூடாகி, சமதரையில், ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஆறின வண்டியில் பார்த்துவிட்டுக் குறைகிறதே என்று ஊற்றினால் மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டருக்குப் போய்ப் புகையும். 1974 முதல் 1977 வரையிலான 2.7 லிட்டர் இன்ஜின்களில் மெக்னீசியம் கேஸிலிருந்து ஹெட் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் நீள போல்ட்) மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஆறின இன்ஜினில் எக்ஸாஸ்ட் கசிவுபோல டிக் டிக் சத்தம், சிலிண்டர் அடியில் ஆயில் ஈரம் இரண்டும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். கேஸில் எஃகு இன்சர்ட் போட்டுத்தான் ஸ்டட்டைத் திரும்ப ஏற்ற வேண்டும்.

நின்றே கிடந்த எந்த வண்டியிலும் பிரேக் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்கும். ஒரு சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தபடி விடாமல் சூடேறினால் அந்தச் சக்கரத்தின் பிளீட் நிப்பிளை (பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் சிறு திருகை) சற்றுத் தளர்த்துங்கள். உடனே விட்டுவிட்டால் பிரஷர் ஹோஸில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். தளர்த்தியும் விடவில்லையென்றால் காலிப்பர் பிஸ்டன் துருவில் இறுகியிருக்கிறது. டாட் 4 பிரேக் ஃப்ளூயிடை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயதைப் பாருங்கள்.

கார்புரேட்டரை எல்லாரும் முதலில் தொடுகிறார்கள், கடைசியில் தொட வேண்டியது அது. வால்வ் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட், இக்னிஷன் டைமிங் மூன்றும் சரியான பிறகு, சூடான இன்ஜினில் எஸ்.யூ. (பழைய பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருக்கும் வகை) கார்புரேட்டரின் பிஸ்டனை ஊசியால் 1 மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தள்ளாடி அணைந்தால் குறைவு. லேசாகக் கூடிப் பழைய வேகத்துக்கே வந்தால் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டாம்.