பேராலயத்திலிருந்து மேற்குக் காசி வரை

கரீபியத் தீவான டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர் யாராவது ஊரைப் புரிந்துகொள்ள வழி கேட்டால், இண்டிபெண்டன்ஸ் சதுக்கத்தின் கிழக்கு முனையில் நிற்கும் கத்தோலிக்கப் பேராலயத்தில் தொடங்கி, செயின்ட் ஜேம்ஸ் பகுதியின் எதெல் தெருவிலுள்ள பஸ்சிம் காசி மந்திர் வரை நடந்துபோகச் சொல்வேன். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் வரும். ஒரு முனையில் ஆளுநரே அடிக்கல் நாட்டி, ஊரின் முகப்பில் இடம் ஒதுக்கி எழுப்பிய ஆலயம்; மறுமுனையில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தோர் தங்கள் குடியிருப்புக்குள் எழுப்பிக்கொண்ட கோயில். இந்த ஊரில் யாருக்கு எந்த இடம் கிடைத்தது என்பதை, பல மாதங்கள் காரில் போய்வந்தும் விளங்கிக்கொள்ளாத நான், அந்தத் தூரத்தை நடந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தவுடன் கிளம்புவது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். அதோடு, மந்திரில் ஞாயிறு காலைதான் கூட்டு வழிபாடு நடக்கும். பேராலயத்துக்குக் கிழக்கே உள்ள மேட்டுக் குடியிருப்புகளுக்குள் வழி தெரியாமல் போய்விட வேண்டாம் என்று ஊர்க்காரர்களே எச்சரிப்பார்கள். அதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ளாமல், சொன்னபடி கேட்டு மேற்கு நோக்கி நடந்தால் போதும்.

பேராலயத்துக்கு அமலோற்பவ அன்னையின் பெயர். 1816-இல் ஆளுநர் ரால்ஃப் உட்ஃபோர்டு அதற்கு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிய 1832 ஆயிற்று. அருகிலுள்ள லாவெண்டில் குன்றுகளிலிருந்து வெட்டி வந்த நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லில் எழுந்த சுவர், மழை பெய்து நனைந்திருக்கும்போது கருத்தும், காய்ந்தபின் வெளிறியும் தெரியும். இன்று பார்க்கையில் ஊருக்கு நடுவே சிக்கிக்கொண்டதுபோலத் தோன்றும் இந்தக் கட்டடம், எழும்பிய காலத்தில் கடலோரத்தில் நின்றது. பின்னர் கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கியதில் கரை தெற்கே விலகிப் போய்விட்டது. ஆலயத்துக்குக் கிழக்கே ஓடும் ஆறும் இயற்கையாக அங்கே ஓடியதன்று; ஸ்பானிய ஆளுநர் சாக்கோன் 1787-இல் திருப்பிவிட்டது. ஆற்றையும் கடலையும் நகர்த்திவிட்டு ஊரை அமைத்தவர்கள், சதுக்கத்தின் தலைமாட்டில் தங்கள் தேவாலயத்தை வைத்ததில் வியப்பொன்றும் இல்லை.

இதில் ஒரு விநோதம் உண்டு. 1797-இல் ஸ்பெயினிடமிருந்து தீவைப் பிடித்தவர்கள் ஆங்கிலேயர். உட்ஃபோர்டும் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். ஆனால் ஆளவேண்டிய மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆகவே கத்தோலிக்கருக்கு ஒரு பேராலயம், தன் சபைக்கு ஒரு பேராலயம் என இரண்டையும் ஒரே ஆளுநர் தொடங்கி வைத்தார். இரண்டின் வரைபடத்தையும் அவருடைய செயலாளரான பிலிப் ரெய்னேகிலே போட்டார். 1823-இல் நேர்ந்தளிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் திரித்துவப் பேராலயம், நடைபாதையைக் கடந்து, தொழிற்சங்கத் தலைவரும் நகர மேயருமாயிருந்த கேப்டன் சிப்ரியானியின் சிலையைத் தாண்டி, ஃபிரெடெரிக் தெருவில் வடக்கே ஏறினால் சில நிமிடங்களில் வந்துவிடும். துணிக்கடைகளும் செருப்புக்கடைகளும் ஞாயிறன்று இரும்புக் கதவுகளை இறக்கியிருப்பதால், வார நாளில் தோளோடு தோள் இடிக்கும் அந்தத் தெருவில் அன்று மேல்மாடிகளின் பழைய மரவேலைப்பாட்டை நிதானமாக அண்ணாந்து பார்க்கலாம்.

திரித்துவப் பேராலயத்துக்குள் போனவர்கள் கூரையைப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது. நடுவில் தூணே இல்லாமல், இருபுறச் சுவரிலிருந்தும் அடுக்கடுக்காக நீட்டிய மரத்தாங்கிகளின் மேல் அந்தக் கூரை நிற்கிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் கூரையை மனத்தில் வைத்துச் செய்தது என்பார்கள். கீழே உட்ஃபோர்டின் பளிங்குச் சிலை இருக்கிறது. வடித்தவர் அக்காலத்தில் புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பி ஃபிரான்சிஸ் சான்ட்ரி. 1828-இல் தாயகம் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்துபோன ஆளுநருக்கு ஊரில் கல்லறை இல்லை, பளிங்கு மட்டும் இருக்கிறது. பக்கத்துச் சதுக்கத்துக்கும் அவர் பெயரே.

உட்ஃபோர்டு சதுக்கம்தான் இந்த நடையில் நான் அதிக நேரம் உட்காரும் இடம். மேற்குப் பக்கம் நாடாளுமன்றமான செந்நிற மாளிகை. 1903-இல் தண்ணீர்க் கட்டணச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்களின் கலவரத்தில் அது எரிந்தது, 1907-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1955-இலிருந்து, பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் இந்தச் சதுக்கத்தில் நின்றே ஊர்மக்களுக்கு வரலாறும் அரசியலும் சொற்பொழிவாற்றி, இதற்கு ‘உட்ஃபோர்டு சதுக்கப் பல்கலைக்கழகம்’ என்று பெயர் வாங்கித் தந்தார். இன்றும் மரநிழலில் நாலு பேர் கூடி அரசாங்கத்தைத் தூற்றிக்கொண்டிருப்பார்கள். நம்மூர்த் தேநீர்க்கடை பெஞ்சை விட்டுவந்த ஏக்கம் எனக்கு அங்கேதான் தீர்ந்தது.

நகர மையத்தின் தெருமுனைகளில் வெள்ளையுடுத்தித் தலையில் துணி கட்டிய பெண்கள் கைமணியை ஆட்டிப் பிரசங்கம் செய்வதையும் பார்க்கலாம். ‘ஆன்மிக பாப்டிஸ்டுகள்’ என்னும் சபையினர் அவர்கள். ஆப்பிரிக்க வழிபாட்டின் ஓசையைக் கிறிஸ்தவத்தோடு சேர்த்துப் பாடுகிறவர்கள் என்பதனாலேயே 1917-இல் அவர்களுடைய வழிபாட்டைச் சட்டம்போட்டுத் தடைசெய்தார்கள். 1951 வரை தடை நீடித்தது. இப்போது அந்த விடுதலை நாளான மார்ச் 30 நாடு முழுவதும் அரசு விடுமுறை. இரண்டு கல் ஆலயங்களுக்கு இடையே, கூரையில்லாமல், மணியை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்களை இந்த நடையின் மூன்றாவது புனிதத் தலம் என்றே நான் கொள்கிறேன்.

அங்கிருந்து பார்க் தெருவைப் பிடித்து மேற்கே திரும்பினால் அதுவே டிராகரெட் சாலையாகிறது. நடைக்கு அவ்வளவு சுகமில்லாத நீளமான பகுதி இது. லப்பேரூஸ் கல்லறைத்தோட்டத்தின் சுவரோரம் கொஞ்சம் நிழல் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் இறந்தோரை நினைத்துக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், அப்போது மாலையில் வர வேண்டும். அடுத்து குயின்ஸ் பார்க் ஓவல். 1971-இல் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை முதன்முதலாக ஒரு டெஸ்டில் வென்றது இந்த மைதானத்தில்தான். கவாஸ்கரின் முதல் டெஸ்ட் என்று எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், இரண்டாம் இன்னிங்ஸில் நம்ம சென்னை வெங்கட்ராகவன் ஐந்து விக்கெட் எடுத்ததை யாரும் சொல்வதில்லை.

சாலை மரவல் ஆற்றைத் தாண்டியதும் செயின்ட் ஜேம்ஸ். தெருப்பலகைகள் திடீரென்று கல்கத்தா, பம்பாய், டெல்லி, பாட்னா, மதராஸ் என்று மாறும். ஒருகாலத்தில் பெரு என்னும் கரும்புத் தோட்டமாக இருந்து, ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் குடியேறிய நிலம் இது. 1845 மே 30-ஆம் நாள் ‘ஃபாதெல் ரசாக்’ கப்பல் வந்ததிலிருந்து 1917 வரை இத்தீவுக்கு வந்த இந்தியர் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த போஜ்புரி நாட்டவர், மதராஸில் கப்பலேறியவர்கள் சிறுபகுதியே. அவர்களுடைய மதத்துக்கு ஊரின் சதுக்கத்தில் இடமிருக்கவில்லை. இந்து முறைத் திருமணத்தை ஏற்கும் சட்டமே 1945-இல்தான் வந்தது. அதுவரை பண்டிதர் முன் மணந்தவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைப்படி பிறந்தவர்கள் அல்லர். பேராலயத்திலிருந்து நடந்துவந்த களைப்போடு இதை நினைத்தால், நான்கு கிலோமீட்டர் சற்று நீளமாகவே தோன்றும்.

மெயின் ரோட்டிலிருந்து விலகி எதெல் தெருவில், வீடுகளோடு வீடாக இருக்கிறது மந்திர். பஸ்சிம் காசி என்றால் மேற்குக் காசி. கோபுரத்தையும் கொடிமரத்தையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. மூங்கில் கம்பங்களில் கட்டிய முக்கோணக் கொடிகள்தான் இங்கே அடையாளம். பூஜை முடிந்த வீடுகளின் முற்றத்திலும் அதே ‘ஜண்டி’ பறக்கும். கிழிந்து நூலானாலும் கழற்றமாட்டார்கள். உள்ளே சிவன், துர்க்கை, அனுமன், ராதாகிருஷ்ணர் எல்லோரும் ஒரே மேடையில் வரிசையாக நிற்க, மக்கள் எதிரே உட்கார்ந்து பண்டிதரின் உரையைக் கேட்பார்கள். கிறிஸ்தவ ஊரில் வாழ்ந்து கிறிஸ்தவர்களின் ஞாயிற்றுக்கிழமையையே தங்கள் வழிபாட்டு நாளாகவும் ஆக்கிக்கொண்டதை முதலில் கண்டபோது எனக்கு ஒட்டவில்லை. பிரகாரம் சுற்றப் பழகிய கால்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. பஜனை தொடங்கிய பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஆர்மோனியமும் டோலக்கும் தெரிந்தவைதான். தந்தாலைத்தான் அங்கே புதிதாகப் பார்த்தேன்: நிமிர்த்திப் பிடித்த ஒரு நீண்ட இரும்புக் கம்பியைக் குதிரை லாட வடிவத் துண்டால் தட்டுகிறார்கள். தட்டும் கைக்கு ஏற்பக் கம்பியைப் பிடித்த கை மூடி மூடித் திறக்கும். மூடினால் ‘டக்’, திறந்தால் ‘டிங்’.

பிரசாதம் வாங்கி வெளியே வரும்போது ஒரு மூதாட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டு, “மதராஸா, மகளே?” என்றார். “அந்தப் பக்கம்தான், ஆன்ட்டி” என்றேன். “எங்கள் நானி மதராசி. காளிமாய் பூஜைக்குப் போவாள். பெரியவர்களுக்குப் பிடிக்காது, அதனால் எங்களைக் கூட்டிப்போக மாட்டாள்.” மதராசிகளின் காளிமாய் வழிபாட்டில் தப்பு அடிப்பார்கள், சாமியாடுவார்கள், ஆடும் கோழியும் பலி கொடுப்பதுண்டு; மாரியம்மனும் உண்டு. ஆச்சாரமான வடநாட்டு வழி இந்துக்கள் அதை நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தார்கள். ஆளுநர் மையத்தில் வைத்ததையும் ஓரத்துக்குத் தள்ளியதையும் எண்ணிக்கொண்டே வந்த எனக்கு, ஓரத்திலும் ஒரு ஓரம் உண்டு என்பதை அந்தப் பாட்டி மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

முஹர்ரம் மாதத்தில் வந்தால் இந்த வழியின் கடைசிப் பகுதி வேறுவிதமாக இருக்கும். ஹுசேன் திருநாளை இங்கே ‘ஹொசே’ என்பார்கள். மூங்கிலும் வண்ணத்தாளுமாகக் கட்டிய கல்லறை மாதிரிகளான தாஜாக்களும், நபியின் பேரர்களான ஹசனுக்குப் பச்சையும் ஹுசேனுக்குச் சிவப்புமான இரண்டு பிறைகளும், தாசா மேள முழக்கத்தோடு இரவில் வெஸ்டர்ன் மெயின் ரோட்டில் வரும். தள்ளுவோரிலும் அடிப்போரிலும் இந்துக்களும் ஆப்பிரிக்க வழியினரும் சரிபாதிக்குக் குறையார் போலத் தெரியும். அந்த இரவுகளில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். மற்ற நாட்களில், மெயின் ரோட்டுக்கு வந்து கை நீட்டினால் மஞ்சள் பட்டை போட்ட மேக்ஸி என்னும் சிற்றுந்து நின்று ஏற்றிக்கொள்ளும். ஏறும்போது உள்ளே இருப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டு உட்கார வேண்டும், சொல்லாதவர்களை இந்த ஊரில் திரும்பிப் பார்ப்பார்கள்.