தாவலுக்குள் இருக்கும் எண்கள்

தொண்ணூறுகளில் சென்னையில் வளர்ந்த பலரைப் போலவே எனக்கும் முதல் வீடியோ கேம், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் அந்த விலை மலிந்த டிவி கேம்தான். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உண்டு என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே சில ஆட்டங்களே பெயர் மாற்றி மாற்றி வரும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் அது என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தது. பர்மா பஜாரில் வாங்கிய கேட்ரிட்ஜில் மரியோவும் கான்ட்ராவும், அதன்பின் பிரவுசிங் சென்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக், வேலைக்குப் போனதும் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி என்று ஆட்டம் என்னோடு கூடவே வந்தது. ஓ.எம்.ஆரில் வங்கிகளுக்கான மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த நான், சொந்தமாக ஒரு விளையாட்டை உருவாக்கத் தொடங்கியபோது நண்பர்கள் யாரும் வியக்கவில்லை. 'இத்தனை வருஷம் ஆடியவனுக்குச் செய்ய வராதா?' என்றார்கள்.

அது பாதிதான் உண்மை. நிறைய ஆடியவனுக்கு ஓர் ஆட்டத்தில் எது சரியில்லை என்பது கையிலேயே தெரிந்துவிடும். ஏன் சரியில்லை என்பது தெரியாது. அந்த 'ஏன்' முழுவதும் எண்களாக இருக்கிறது.

ஒரு சாதாரணத் தாவலை எடுத்துக்கொள்வோம். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அதற்கேற்ப மரியோ உயரமாகத் தாவுவார் என்பது ஆடிய எல்லோருக்கும் தெரியும். ஆனால் நல்ல தாவல் அதோடு முடிவதில்லை. மேலே எழும்போது ஒரு புவியீர்ப்பும் கீழே விழும்போது அதைவிடக் கூடுதலான புவியீர்ப்பும் வைத்தால்தான் பாத்திரம் பலூனைப்போல மிதக்காமல் இருக்கும். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் ஒரு கணம் வரை தாவ அனுமதிப்பார்கள். நொடிக்கு 60 சட்டகங்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள், ஓடும் ஆட்டத்தில் 6 சட்டகங்கள் கொடுத்தாலே நொடியில் பத்தில் ஒரு பங்குச் சலுகை கிடைத்துவிடும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டவுடன் தாவச் செய்வார்கள். 2018இல் வெளிவந்த செலஸ்டே என்ற தாவல் விளையாட்டை உருவாக்கியவர்கள் தங்கள் ஆட்டத்தில் உள்ள இத்தகைய சலுகைகளைப் பொதுவெளியிலேயே விளக்கியிருக்கிறார்கள். இளவயதில் நம் சாமர்த்தியம் என்று நாம் மார்தட்டிக்கொண்டதில் ஒரு பங்கு, எங்கோ ஒரு நிரலாளர் நமக்குத் தெரியாமல் கொடுத்த தயவு என்று புரிந்தபோது சிரிப்புதான் வந்தது.

என் ஆட்டத்தின் களம் 2019ஆம் ஆண்டுக் கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, சென்னை முழுவதும் மெட்ரோ வாட்டர் லாரிக்காகக் காத்துக் கிடந்த மாதங்கள் அவை. லாரியில் பிடித்த குடத்தை ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மாடிப்படிகளில் தளும்பாமல் ஏற்றிச் செல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். குடத்தில் நீர் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பத் தாவலின் வேகம் குறையும். தரையில் இறங்கும் வேகம் எவ்வளவோ அவ்வளவு நீர் சிந்தும். மேலே சொன்ன சலுகைகளில் மட்டும் நான் கை வைக்கவில்லை. பாரம் கனக்கலாம், ஆனால் தான் ஏமாற்றப்படுவதாக ஆடுபவருக்குத் தோன்றக் கூடாது. எங்கள் தெருவில் அந்தக் கோடை முழுவதும் தண்ணீர் சுமந்த அக்கா ஒருவர் இதை ஆடிப் பார்த்துவிட்டு, "இடுப்புல குடத்தை வச்சிக்கிட்டு யாரும் இப்படி நேரா ஏற மாட்டாங்க தம்பி, எதிர்ப்பக்கம் சாஞ்சுதான் ஏறுவாங்க. படி திரும்புற எடத்துலதான் சிந்தும்" என்றார். எந்தப் பயிற்சிக் காணொளியிலும் கிடைக்காத விவரம் அது. இப்போது பாத்திரம் சாய்ந்தே ஏறுகிறது. படி திரும்புமிடங்களே ஆட்டத்தின் கடினமான இடங்களாகிவிட்டன.

ஆட்டத்தை உருவாக்க நான் பயன்படுத்துவது கோடோ என்ற கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை என்பதோடு, 2023இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளை அது ஒழுங்காகக் கோத்துக் காட்டுகிறது என்பதும் காரணம். அப்படியும் ஒரு சிக்கல் இருந்தது. உரையாடலை ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் தட்டச்சுபோல வரவழைக்கும்போது, கணினிக்கு 'ணி' என்பது ஓர் எழுத்தல்ல. ணகரமும் இகரக் கொக்கியும் தனித்தனி. 'தண்ணி' என்று வருவதற்குள் 'தண', 'தண்', 'தண்ண' என்று திரை துடிக்கும். உயிர்மெய்களை முதலில் தொகுத்துக்கொண்டு, அதன்பிறகு ஒவ்வொன்றாகக் காட்டும்படி சிறு நிரல் எழுதிச் சரிசெய்தேன்.

இவ்வளவு உள்ளூர்த்தனமான ஆட்டத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்பவர்களிடம் நான் வெண்பா என்ற ஆட்டத்தைக் காட்டுகிறேன். கனடாவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட அந்த ஆட்டம், அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லி, 2024இல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. இட்லியை யாருக்கும் விளக்கிக்கொண்டிராமல் ஆட்டத்திலேயே வேகவைத்துக் காட்டியது எனக்கு மிகப் பிடித்தது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ஆள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி என்ற ஆட்டத்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அந்த ஆண்டுகளில் அவர் திரையரங்கில் பகுதிநேர வேலை பார்த்ததையும், அவருடைய துணைவியின் வருமானம் கைகொடுத்ததையும் பலர் சொல்வதில்லை. நானும் வேலையை முற்றிலும் விடவில்லை. ஒப்பந்த அடிப்படைக்கு மாறிக்கொண்டேன். மாதத் தவணைகளை என் மனைவியின் சம்பளம் பார்த்துக்கொள்கிறது. கணினி ஆட்டங்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஓர் ஆட்டத்தைப் பதிவுசெய்ய 100 டாலர். விற்பனை 1000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். விற்பனையில் 30 விழுக்காடு அவர்களுக்குப் போய்விடும்.

இப்போதைய கவலை நெக்ஸ்ட் ஃபெஸ்ட். ஸ்டீம் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் நடத்தும் இந்த முன்னோட்ட விழாவில் ஓர் ஆட்டம் ஒரு முறைதான் பங்கேற்க முடியும். முதல் இரண்டு தளங்கள் முடிந்துவிட்டன. மூன்றாம் தளத்துப் படிக்கட்டில் குடம் சுவரில் இடிக்கும் சத்தம் இன்னும் பிளாஸ்டிக்போல ஒலிக்கவில்லை. ஆகவே ஜூனுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அக்டோபருக்குக் கொடுத்திருக்கிறேன்.