சியோலில் ஒரு தளபதியும் சில்லறைக் காசும்

சியோலில் இறங்கிய முதல் நாள், தண்ணீர் பாட்டில் வாங்கிய கடையில் மீதிச் சில்லறையோடு ஒரு தாடிக்காரரும் கைக்கு வந்தார். 100 வோன் நாணயத்தில் இருக்கும் கடற்படைத் தளபதி யி சுன்-சின். பார்க்க ஏதோ தாசில்தார் போல சாதுவாகத்தான் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து, குவாங்குவாமுன் மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறி வந்தால், அதே மனிதர் கவசம் பூட்டி நிற்கிறார். பீடத்தோடு சேர்த்து 17 மீட்டர் உயரம். 1968-இல் வைத்த சிலை. காலடியில் ஒரு சின்ன ஆமைக் கப்பல் (ஆமை ஓடு போல மேலே கூரை மூடிய அவருடைய போர்க்கப்பல்), இரு பக்கமும் போர் முரசுகள்.

உறையோடு இருக்கும் வாளை அவர் வலது கையில் பிடித்திருக்கிறார். இது அங்கே பழைய பஞ்சாயத்து. வலது கையில் உறை இருந்தால் வாளை எப்படி உருவுவது, இது சரணடைந்தவன் நிற்கும் நிலை அல்லவா என்று பல வருடமாகச் சண்டை. எனக்கென்னவோ வேலை முடிந்து நிற்பவர் மாதிரிதான் தெரிந்தது. 2010-இல் சிலையில் விரிசல் கண்டு, கழற்றிக்கொண்டுபோய்ப் பழுது பார்த்தார்கள். அந்த நாற்பது நாளும் காலிப் பீடத்தில் துணிக்கடை ட்ரையல் ரூம் போல ஒன்றை வைத்து ‘உடை மாற்றுகிறார்’ என்று எழுதியிருந்தார்களாம். நம்மூர்த் தலைவர் சிலை எதற்காவது இப்படிச் செய்துவிட்டு வீடு திரும்ப முடியுமா?

நான் போனது ஜூலை வெயிலில். சிலைக்கு முன்னால் தரையிலிருந்து பீய்ச்சும் நீரூற்றில் குழந்தைகள் கும்மாளம். ஒரு பொடியன் நீர் வரும் துளைமேலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தான். ஊற்றுக்கு முதலில் வைத்த பெயரே 12.23. பன்னிரண்டு கப்பல், இருபத்துமூன்று போர்.

அந்தப் பன்னிரண்டின் கதை இது. ஜப்பானியப் படையெடுப்பு நடந்துகொண்டிருந்த 1597-இல், ஆணையை மீறினார் என்று அரசரே யி-யைச் சிறையில் அடைத்து, சித்திரவதை செய்து, சாதாரணப் படைவீரனாக இறக்கினார். அவர் இடத்துக்கு வந்தவர் ஏறக்குறைய மொத்தக் கப்பற்படையையும் தொலைத்தார். மறுபடி யி-யைக் கூப்பிட்டார்கள். கடற்படையே வேண்டாம், தரையில் போய்ச் சண்டை போடு என்றது அரசவை. “என்னிடம் இன்னும் பன்னிரண்டு கப்பல் இருக்கிறது” என்று பதில் எழுதினார். அப்புறம் இன்னொரு கப்பலும் சேர, பதின்மூன்று ஆனது. மியோங்னியாங் என்ற குறுகலான ஜலசந்தியில், திசை மாறும் நீரோட்டத்தைக் கணக்குப் போட்டு, 133 கப்பல்களோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

சதுக்கத்துக்கு அடியிலேயே அவருக்கென ஓர் அரங்கம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஏசிக்காகத்தான் இறங்கினேன். அங்கே அவருடைய போர் நாட்குறிப்பைப் பற்றிப் பார்த்துவிட்டு, இரவு விடுதியில் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். மழை பெய்தது, உடம்பு சரியில்லை, அம்மாவிடமிருந்து தகவல் வரவில்லை என்றே பல நாட்கள் போகின்றன.

மியோங்னியாங் வெற்றிக்கு ஒரு மாதம் கழித்து, ஜப்பானியர் கையில் தன் மகன் இறந்த செய்தி வருகிறது. படை வீரர்கள் முன்னால் வாய்விட்டு அழ முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, முகாமில் உப்புக் காய்ச்சுபவர் ஒருவர் வீட்டுக்குப் போய் அழுதேன் என்று எழுதியிருக்கிறார்.