எஃப்-150 பின்பக்கத்தை ஒன்றேகால் இன்ச் இறக்கிய கதை

என் பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முட்டுவதற்குத் தலை குனிந்த காளை மாதிரி இருக்கும். 2016 ஃபோர்டு எஃப்-150, நாலு கதவு, நாலு சக்கர டிரைவ். ஒஹாயோவில் யாரிடமோ ஓடிவிட்டு வட கரோலினாவில் கேரிக்கு, என்னிடம் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்தேன். முன்னால் 36 இன்ச், பின்னால் 38¼.

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். பின்னால் லோடு ஏற்றினால் பட்டை (பின்பக்க எடையைத் தாங்கும் இரும்பு ஸ்பிரிங் அடுக்கு) அமுங்கி வண்டி சமமாக வந்து நிற்க வேண்டும், அதற்கான கணக்கு. என் டிரைவர் கதவின் உள்பக்கத் தூணில் இருக்கும் ஸ்டிக்கர், ஆட்களையும் சேர்த்து 1,640 பவுண்டு வரை ஏற்றலாம் என்கிறது. நான் பெரிய லோடு ஏற்றுவது வருடத்துக்கு இரண்டு மூன்று நாள், தோட்டத்துக்கு மரச்சிராய் மல்ச் வாங்கும்போது. மற்றபடி தமிழ்ப் பள்ளி விழாவுக்கு மடக்கு மேசைகளும் அண்டாக்களும். சாம்பார் அண்டாவை இரண்டு பேர் பிடித்து அந்த உயரத்துக்குத் தூக்கி, கீழே மடிந்து திறக்கும் பின்கதவான டெயில்கேட்டில் வைக்கும்போதெல்லாம் இடுப்பு ஒரு கேள்வி கேட்கும். அழகு பாதி, அண்டா பாதி, இதுதான் காரணம்.

இங்கே பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர் எதிர். முன் சக்கரங்களின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டுக்கு மேல் ஒரு ஸ்பேசரைப் போட்டு முன்பக்கத்தைத் தூக்கிவிடுவார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. வீல் அலைன்மெண்ட் மறுபடி செய்ய வேண்டும், நாலு சக்கர டிரைவில் முன் ஆக்சில் மூட்டுகளின் கோணம் கூடும், அத்தனையும் செய்த பிறகும் டெயில்கேட் அதே உயரத்தில்தான் இருக்கும். அதனால் பின்னால் இறக்குவது என்று முடிவு.

இறக்க இரண்டு வழி. பட்டையின் பின்முனை ஃபிரேமோடு சேரும் இடத்தில் இருக்கும் ஷேக்கிளை மாற்றலாம். ஆனால் பட்டையின் ஒரு முனையை மட்டும் 2 இன்ச் நகர்த்தினால் நடுவில் இருக்கும் ஆக்சிலில் கிட்டத்தட்ட 1 இன்ச்தான் கிடைக்கும். இன்னொரு வழி, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கம்பெனியே வைத்திருக்கும் இரும்புக் கட்டையை எடுத்துவிடுவது. கட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவு அப்படியே இறங்கும். என் வண்டியில் அது 1¼ இன்ச் (மாடலுக்கு மாடல் மாறும், அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்). எடுத்த பிறகும் பின்பக்கம் 1 இன்ச் உயரமாகவே இருக்கும். அது போதும். முழுக்கச் சமமாக்கினால் லோடு ஏற்றும் நாளில் மூக்கு வானத்தைப் பார்க்கும். இந்த மாநிலத்தில் அதற்குச் சட்டமே இருக்கிறது. இளைஞர்கள் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தை இறக்கி ஓட்டியது பெரிய மோகமாகிப்போய், முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் தடை வந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை, இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்யத் தவறவில்லை.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நாமக்கல்லில் முப்பது வருடம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏன் கண்ணு, இங்க அவனவன் இன்னொரு பட்டை சேத்து வண்டியத் தூக்குறான், நீ இருக்கற கட்டையப் புடுங்கி எறக்கறயா?" என்று சிரித்தார். அப்புறம் சீரியசாக ஒன்று சொன்னார்: "சென்டர் போல்ட் குழியில உக்காந்துச்சான்னு கண்ணுல பாக்காம நட்ட முறுக்காத." பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட் அது. சரி சித்தப்பா என்றேன். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு என்று பின்னால் வருகிறது.

பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை முறுக்கியதில் நீண்டுவிட்டிருக்கும். போதாததற்குக் கட்டை போன பிறகு கால் நீளம் 1¼ இன்ச் அதிகமாகிவிடும், நட்டு மரை முடியும் இடத்தில் போய் நின்றுவிடும், ஆனால் பட்டை இறுகியிருக்காது. லாரிகளுக்குப் பட்டை வேலை செய்யும் கடை ஒன்றில் உள் அகலம், கால் நீளம், தண்டின் கனம் மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். கண்ணெதிரே நாலு போல்ட் வளைத்துக் கொடுத்தார்கள்.

வீட்டு முன் வண்டி ரிப்பேர் செய்யக் கூடாது என்று எங்கள் குடியிருப்பில் விதி. காராஜ் 20 அடி ஆழம், வண்டி 19 அடிக்கு மேல், சுவரோரம் அலமாரி வேறு. பின்பக்கத்தை உள்ளே விட்டு மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு வேலை செய்தேன். மழை வந்தால் பானெட்டுக்கு மட்டும் மழை.

புதன்கிழமையிலிருந்து தினம் இரண்டு வேளை நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். 2015 மாடலிலிருந்து இந்த வண்டிக்கு பாடி அலுமினியம், மேலே துரு என்ற பேச்சே இல்லை. ஃபிரேமும் அடியில் இருக்கும் போல்ட்டுகளும் இரும்புதானே. ஒஹாயோவில் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பை அத்தனை வருடமும் அவைதான் தின்றிருக்கின்றன.

சனிக்கிழமை காலை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை. இதில் சோம்பேறித்தனமே கூடாது, ஏனென்றால் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை, நாம் தூக்கப்போவதும் அவற்றைத்தான். பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஃபிரேமுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு போட்டு, ஜாக்கியை ஆக்சில் எடையைத் தாங்குமளவுக்கு மட்டும் விட்டுவைத்தேன். ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டுகளைக் கழற்றினால்தான் ஆக்சில் தேவையான அளவு கீழே இறங்கும்.

எட்டு நட்டில் மூன்று மரியாதையாக வந்தன. வலது பக்கம் மிஞ்சியவற்றை கிரைண்டர் வைத்து அறுத்துத் தள்ளினேன், எப்படியும் தூக்கிப் போடும் போல்ட்தானே. இடது பக்கம் அது நடக்காது. பெட்ரோல் டாங்கி அந்தப் பக்கம்தான், பொறி பறக்கவிட்டால் காராஜோடு போய்ச் சேர வேண்டியதுதான். நாலடி இரும்புக் குழாயை பிரேக்கர் பாரில் மாட்டி, தரையில் படுத்துக் காலால் உதைத்தேன். ஒவ்வொரு நட்டும் துப்பாக்கி வெடித்த மாதிரி 'டப்' என்று விட்டது. வலது பக்கம் பதினைந்து நிமிஷம், இடது பக்கம் இரண்டரை மணி நேரம்.

ஜாக்கியை மெல்ல இறக்கினதும் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. சுத்தியலால் இரண்டு தட்டு, கட்டை கையில். அடியில் முளை, மேலே குழி. இரண்டு முனையிலும் கேலிப்பர் வைத்துப் பார்த்தேன், ஒரே கனம். சாய்வாகச் சீவிய கட்டையாக இருந்திருந்தால் அதை எடுத்ததும் டிஃபரென்ஷியலின் மூக்கு திரும்பி, டிரைவ் ஷாஃப்ட் அதிர ஆரம்பித்திருக்கும். நல்லவேளை.

சித்தப்பா சொன்ன சென்டர் போல்ட்டின் தலை இப்போது நேராக ஆக்சிலின் குழியில் உட்கார வேண்டும். வலது பக்கம் உட்கார்ந்தது. இடது பக்கமும் உட்கார்ந்தது என்று நினைத்து, பசி வேறு, புது யூ போல்ட்டைப் போட்டுக் குறுக்குக் குறுக்காக முறுக்கிவிட்டேன். முறுக்கு அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொன்னது. ரெஞ்சுக்கு என்ன தெரியும்? சக்கரம் மாட்டியதும் பின் டயருக்கும் அதற்கு முன்னால் இருக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தேன். இடதில் கால் இன்ச் அதிகம். டார்ச் அடித்துப் பார்த்தால், போல்ட் தலை குழிக்குள் போகாமல் அதன் உதட்டில் ஏறி நிற்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் ஆக்சில் கோணலாக, வண்டி நண்டு மாதிரி போயிருக்கும். மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தி, லோடு கட்டும் ராட்செட் நாடாவால் ஆக்சிலை முன்னுக்கு இழுத்தபோது 'டொக்' என்று உள்ளே விழுந்தது. சித்தப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

கடைசி முறுக்கு சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகு. வீல் நட்டுகளுக்கு 150 பவுண்டு-அடி. யூ போல்ட்டுக்கு அவரவர் வண்டி மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்பக்கம் இறங்கினால் வெளிச்சம் மேலே ஏறும், எதிரே வருபவன் திட்டுவான். வேலைக்கு முந்தைய இரவே, மூடிய கடை ஒன்றின் பின்சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, வெளிச்சம் வெட்டும் கோட்டில் டேப் ஒட்டி வைத்திருந்தேன். இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 145 இன்ச், அதில் 1¼ இறக்கினால் 300 இன்ச் தூரத்தில் சுமார் 2.6 இன்ச் ஏற வேண்டும் என்பது கணக்கு. போய்ப் பார்த்தால் இரண்டரை. விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிப் பழைய டேப்புக்கே கொண்டுவந்தேன். இந்த வேலை முழுவதிலும் கணக்கு போட்டபடி நடந்தது இது ஒன்றுதான்.

நூறு மைல் ஓட்டியதும் யூ போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்த்தேன். இரண்டு நட்டு கால் சுற்று வாங்கின. இப்போது பின்னால் 36⅞. காலி வண்டியை ஓட்டும்போது வித்தியாசமே தெரியவில்லை.

போன ஞாயிறு 20 மூட்டை மல்ச் ஏற்றினேன், ஈரத்தோடு 800 பவுண்டாவது இருக்கும். பின்னால் 35¼க்கு வந்தது. முன்பக்கத்தைவிட முக்கால் இன்ச் தாழ்வு, அதாவது லோடோடு சமமாக நின்ற வண்டி இப்போது கொஞ்சம் மூக்கைத் தூக்குகிறது. ஸ்பீட் பிரேக்கரில் ஒருமுறை ஆக்சில், அதற்கு மேலே ஃபிரேமில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் முட்டில் இடித்ததும் கேட்டது. காலி வண்டியில் அந்த இடைவெளி முன்பு மூன்றரை இன்ச், இப்போது இரண்டேகால். ரப்பரை வெட்டிக் குறைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை, லோடு நாளில் மெதுவாகப் போய்க்கொள்கிறேன். டிரெயிலர் இழுப்பதாக இருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டேன்.

கழற்றிய கட்டைகள் இரண்டையும் துரு தேய்த்து, பெயிண்ட் அடித்து, இடது வலது என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார். அடுத்த மாதம் விழா, அண்டா எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.