பெர்லினில் ரயில் மாறினோம், பெட்டி படுக்கையோடு

ஜெர்மனியில் லைப்சிக்கில் மாமா வீட்டில் தங்கிவிட்டு, போலந்தில் போஸ்னானில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம், அம்மாவும் நானும். நடுவில் பெர்லின் மத்திய ரயில் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். ஆளுக்கொரு ட்ராலி பெட்டி, விமானத்துக்காக 23 கிலோ வரை அடைத்தது. போதாததற்கு மாமி கட்டிக் கொடுத்த பை வேறு.

டிக்கெட் தேடினால் ஆப் முதலில் காட்டியது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வண்டி மாறுகிற பயணம். கைவீசி நடப்பவர்களுக்கு அது சரி. வண்டி மாறக் குறைந்தது எவ்வளவு நேரம் வேண்டும் என்று நாமே சொல்லித் தேடும் வசதியும் அதில் உண்டு. 45 நிமிடம் என்று வைத்தேன். இரண்டு வண்டிக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள். முதல் வண்டி தாமதமாகி அடுத்தது போய்விட்டால், மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் பிறகு வரும் வண்டியில் ஏறலாம். தனித்தனியாக எடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

சென்னை சென்ட்ரலில் எந்த பிளாட்பாரத்துக்கும் தரையோடு நடந்தே போய்விடலாம். 2006-ல் திறந்த பெர்லின் நிலையத்தில் நடை குறைவு, ஏற்றம்தான் அதிகம். வடக்கு தெற்காக ஓடும் வண்டிகள் பூமிக்கடியில் 1 முதல் 8 வரையிலான பிளாட்பாரங்களுக்கு வரும். கிழக்கு மேற்காக ஓடுபவை தெருவுக்கு மேலே, 11 முதல் 16 வரை. இரண்டுக்கும் நடுவே மாடி மாடியாகக் கடைகள். லைப்சிக் வண்டி அடியில் வந்து நிற்கும், போஸ்னான் வழியாக வார்சா போகும் எங்கள் அடுத்த வண்டி உச்சியிலிருந்து கிளம்பும்.

முந்தைய நிறுத்தமான சூட்க்ராய்ஸ் தாண்டியதும் பெட்டிகளை எடுத்துக் கதவருகே வந்துவிட்டோம். இறங்கியதும் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "போர்ட்டர் ஒருத்தரையும் காணோமே" என்றார். எஸ்கலேட்டர் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவ்வளவு கனத்தைப் படியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அம்மாவையும் பார்த்துக்கொள்வது நடக்கிற காரியமில்லை. கண்ணாடி லிஃப்டுக்காக நின்றோம். முதல் லிஃப்டில் ஒரு தள்ளுவண்டிக் குழந்தையும் இரண்டு சைக்கிளும். அடுத்ததில் ஏறினோம். கடைத்தளங்களில் எல்லாம் நின்று நின்றுதான் போனது. அம்மாவுக்கு அவசரமே இல்லை, கண்ணாடி வழியே வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். கேட், பரிசோதனை எதுவும் கிடையாது. டிக்கெட்டை வண்டிக்குள்தான் பார்ப்பார்கள்.

மேலே போனதும் நம் கோச் எங்கே நிற்கும் என்று பாருங்கள். பிளாட்பாரத்தை ஏ, பி, சி என்று பிரித்திருப்பார்கள். எந்த கோச் எந்த எழுத்துக்கு நேரே என்பது திரையில் வரும். சில நாள் வரிசை தலைகீழாகிவிடும், அதனால் வண்டி வரும்வரை திரையில் ஒரு கண் இருக்கட்டும். தப்பான முனையில் நின்றால் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

ஏறுவதுதான் உண்மையான சோதனை. வார்சா வண்டியின் வாசலில் குறுகலான படிகள். நான் மேலே நின்று கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். பின்னால் நின்ற பையன் கேட்காமலே அடியைத் தாங்கித் தூக்கிவிட்டான், இரண்டு பெட்டியையும்.

உள்ளே தலைக்கு மேல் தட்டில் வைக்கப் பார்க்காதீர்கள். முதுகோடு முதுகாக இருக்கும் இருக்கைகளுக்கு நடுவில் ஒரு சந்து கிடைக்கும். எங்கள் பெட்டிகளை அங்கேதான் செருகினோம். மாமியின் பை மட்டும் அம்மா மடியில், புளியோதரை அதற்குள்தான் இருந்தது.