வில்லுக்குக் கல் மூங்கில்

பழனி மலை அடிவாரத்தில் பட்டா நிலத்துக் கல் மூங்கிலையே வாங்குங்கள். காட்டில் கை வைக்க வேண்டாம். கணுவில் உறை ஒட்டியிருந்தால் இளசு. 3 வயது தாண்டிய கழி, தட்டினால் கணீரென்கும்.

மழை ஓய்ந்து, மார்கழி–தையில் வெட்டுவது நல்லது. அப்போது மாவுச்சத்து குறைவு. உளுப்பு வண்டு தேடி வருவது அதைத்தான். தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். குழி விட்டால் தண்ணீர் தேங்கித் தூரே அழுகும், பாவம்.

நீளவாக்கில் பிளந்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும். கொடைக்கானல் பனிமூட்டத்தில் அடுப்பங்கரைப் பரண்தான் சரி. வாராவாரம் எடை போடுங்கள். எடை இறங்காமல் நின்றால் காய்ந்தாயிற்று.

தோல் பக்கத்தை மட்டும் ஆழமாகச் சீவாதீர்கள். இழுவையைத் தாங்கும் நார் அங்கேதான் நெருக்கம். கணுவை மட்டமாக்கினால் வில் அந்த இடத்திலேயே முறியும்.