"திறந்த பொருளாதாரம்" என்று வந்தால் முதலில் எந்தத் தாள் என்று பாருங்கள்

இலங்கையில் ஏ.எல்லுக்கு (க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு) பொருளியலும் அரசியல் விஞ்ஞானமும் சேர்த்துச் செய்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது. நான் சறுக்கியது ஒரே ஒரு சொல்லில்தான்.

தவணைப் பரீட்சையில் பொருளியல் தாளில், திறந்த பொருளாதாரமொன்றில் கூட்டுக் கேள்வியின் (ஒரு நாட்டின் பொருள் சேவைகளுக்கு இருக்கும் மொத்தத் தேவையின்) கூறுகளை விளக்கச் சொல்லி வந்தது. எனக்கோ ஒரே சந்தோசம். 1977, ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன, அவருடைய நிதி அமைச்சர் ரொனி டி மெல்லின் நவம்பர் வரவு செலவுத் திட்டம், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளினேன். கிடைத்தது பூச்சியம். "இதை அரசியலுக்கு எழுதும்" என்று சிவப்பு மையில் ஒரு வரி வேறு.

பிறகுதான் விளங்கியது, அந்த வினாவில் இலங்கையே இல்லை. பொருளியல் தாளில் அந்தச் சொல் ஒரு மாதிரியுருவின், அதாவது பொருளாதாரத்தை எளிமையாக்கிக் காட்டும் ஒரு சட்டகத்தின், பெயர். நுகர்வு, முதலீடு, அரச செலவு மூன்றோடு ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்து வரும் தேறிய ஏற்றுமதியையும் சேர்த்தால் திறந்தது; வெளிநாட்டுத் துறையை எடுத்துவிட்டால் மூடியது. அவ்வளவுதான், யார் ஆட்சி என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை.

இந்த அர்த்தத்தில் பார்த்தால் 1977க்கு முன்னரும் இலங்கை திறந்த பொருளாதாரம்தான். சுதந்திரம் கிடைத்த காலத்தில் ஏற்றுமதி வருமானத்தில் 90 வீதத்துக்கும் மேல் தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றிலிருந்துதான் வந்தது, அரிசியும் மாவும் கப்பலில் வந்தன, அப்படிப்பட்ட நாட்டை மூடியது என்று பொருளியல் தாளில் எழுதினால் திருத்துகிறவர் என்ன செய்வார், சொல்லுங்கள்.

அரசியல் தாளிலும் எங்கள் வீட்டு விறாந்தையிலும் அது வேறு சொல். அங்கே அது ஒரு கொள்கை: இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது, 1968இலிருந்து இருந்த இரட்டை நாணயமாற்று முறையை (வெளிநாட்டு நாணயத்துக்கு இரண்டு விலை வைத்திருந்த முறையை) 1977இல் ஒழித்து ரூபாவை மதிப்பிறக்கியது, வெளிநாட்டு முதலீட்டைக் கூப்பிட்டது. இதற்குச் சரியான பெயர் தாராளமயமாக்கல். ஆனால் சனம் அப்படிச் சொல்வதில்லை. என் அப்பப்பாவுக்கு நீர்வேலியில் தோட்டம். 1977க்கு முன் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலத்தில் வெளியிலிருந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் வருவது இறுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது, மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டினவர்களை அவர் வீடு வீடாகக் காட்டுவார். "திறந்த பொருளாதாரம் வந்துதான் எங்களைக் கவிழ்த்தது" என்பார். பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்றதும் அதே காலம்தான் என்று அப்பம்மா உள்ளுக்குள் இருந்து குரல் கொடுப்பா. அரசியல் தாளில் விளைவுகளை எழுதும்போது இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டால் ஒருபக்கமாக எழுதவே வராது. எனக்கு அப்பப்பாவின் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு, அது வேறு கதை.

2020இல் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி விலை எகிறியபோது "திரும்பவும் மூடிய பொருளாதாரம்" என்று பலர் சொன்னார்கள். பேச்சுக்குச் சரி. தாளில் அது இறக்குமதிக் கட்டுப்பாடு, அந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.

சரி, எப்படிப் பிரித்துப் பிடிப்பது? வினாவில் "பொருளாதாரமொன்றின்", "பொருளாதாரமொன்றில்" என்று பொதுவாக வந்தால் பெரும்பாலும் மாதிரியுரு. "கொள்கை" என்றோ ஆண்டோ "இலங்கையின்" என்றோ வந்தால் 1977ஐத் தொடலாம். பொருளியலிலேயே இலங்கைப் பொருளாதாரம் பற்றிய பகுதி இருப்பதால் தாளின் பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நான் அதற்குப் பிறகு பழைய வினாத்தாள்களை எடுத்து இந்தச் சொல் வருகிற இடமெல்லாம் பென்சிலால் மாதிரியுருவுக்கு "மா", கொள்கைக்கு "கொ" என்று குறித்துக்கொண்டு போனேன், ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. முடித்துவிட்டு "சுதந்திர வர்த்தகம்" என்ற சொல்லையும் அப்படியே பாருங்கள், அதிலும் இதே தில்லுமுல்லு இருக்கிறது.